‘கேஷ்’ நம்ம காசா? சொல்லின் பூர்வீகம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலிப் பக்கம் எந்தத் தமிழ் மேடையானாலும் ஒரு வரிக்குக் கைதட்டு நிச்சயம்: “நம்ம காசுதான்யா வெள்ளைக்காரன் வாயில ‘கேஷ்’ ஆச்சு!” பட்டிமன்றம், கல்லூரி முத்தமிழ் விழா, கோயில் கொடைக்குப் போடும் மேடை, சொந்தக்காரர்கள் வாட்ஸப் குழு என்று எங்கே போனாலும் இந்த வரி முன்னாலேயே போய் உட்கார்ந்திருக்கும்.

இதை முழுப்பொய் என்று தள்ள முடியாது. உண்மை என்று அடித்துச் சொல்லவும் முடியாது. ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. எழுத்தும் உச்சரிப்பும் ஒன்று, பிறந்த வீடு வேறு. ரொக்கப் பணத்தைச் சொல்லும் கேஷுக்கும் நமக்கும் ஒட்டுறவு இல்லை. தெற்காசியாவிலும் சீனாவிலும் புழங்கிய சின்னச் செப்புக்காசைச் சொல்லும் கேஷ் அசல் நம்ம வீட்டுப் பிள்ளை. மேடையில் முதலாவதைக் காட்டி இரண்டாவதன் பெருமையைப் பேசிவிடுகிறோம். அந்தக் குழப்பத்துக்குள் எப்படி விழுகிறோம் என்று பார்த்தால் வேறு நூறு சொற்களில் செய்யும் தவறுகளும் வரிசையாக வெளியே வரும்.

காதை மட்டும் நம்புவது

“ரெண்டும் ஒண்ணு போலத்தான கேக்கு, பொறவு என்ன வே?” என்பதுதான் வழக்கமான வாதம். ஒன்றுபோல் கேட்பதற்கு வெளியூர் போக வேண்டாம். “கேஸ் தீந்துபோச்சு, சிலிண்டருக்குச் சொல்லணும்.” “வரப்புத் தகராறுல அண்ணன்காரன் கேஸ் போட்டுட்டான்.” “கல்யாணத்துக்கு ரெண்டு கேஸ் கலர் எறக்கிரு.” ஒரே நாளில் ஒரே ஆள் இந்த மூன்றையும் சொல்லலாம்.

அடுப்புக் கேஸ், 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்ற வேதியியலாளர் கிரேக்கத்தின் ‘கேயாஸ்’ என்ற சொல்லைப் பார்த்து உண்டாக்கியது. கோர்ட்டுக் கேஸுக்கு மூலம் ‘விழுதல், நேர்தல்’ என்று பொருள்படும் லத்தீன் ‘காசுஸ்’. (உடனே “பாத்தியா, காசு!” என்று துள்ள வேண்டாம், கோர்ட்டுக்குப் போனால் காசு கரையும் என்பது மட்டும்தான் அங்கே உள்ள தொடர்பு.) கலர் பாட்டில் அடுக்கி வரும் கேஸ், பெட்டி என்ற பொருளுள்ள லத்தீன் ‘காப்ஸா’வின் வழி வந்தது. ஆங்கிலத்தில் முதல் சொல்லுக்காவது உச்சரிப்பு வேறு. நம் வாயில் மூன்றும் ஒரே கேஸ்தான். இன்னும் முந்நூறு வருஷம் கழித்து ஒருவர் வந்து இந்த மூன்றும் ஒரே வேர் என்று எழுதினால் நாம் ஒத்துக்கொள்வோமா?

மூன்றாவது கேஸை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ரொக்கக் கேஷ் பிறந்தது அந்தப் பெட்டிக்குள்தான். லத்தீன் ‘காப்ஸா’ பிரெஞ்சில் ‘கேஸ்’ என்றும் இத்தாலியத்தில் ‘காஸ்ஸா’ என்றும் ஆனது. வணிகர்கள் பணம் போட்டுப் பூட்டும் பெட்டிக்கும் அதுவே பெயர். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் வந்தபோது பெட்டியையும் குறித்தது, பெட்டிக்குள் இருந்த ரொக்கத்தையும் குறித்தது. போகப்போகப் பெட்டி மறந்துபோய்ப் பணம் மட்டும் நின்றது. இது நமக்குப் புதிய வழியல்ல. டவுன் ரதவீதிக் கடை முதலாளி உட்காரும் இடத்தில் இருக்கும் பெட்டிக்குப் பெயர் கல்லா. “இந்தத் தீபாவளிக்கு நல்லா கல்லா கட்டியாச்சு” என்றால் யாரும் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டியதாக நினைப்பதில்லை. கேஷியர், மருந்துக்கடை கேப்ஸ்யூல், பழைய பாட்டுக் கேசட் எல்லாம் இந்தப் பெட்டியின் சொந்தக்காரர்கள். ‘கேஷ் பாக்ஸ்’ என்று இன்று சொல்வது, பூர்வீகம் பார்த்தால் ‘பெட்டிப் பெட்டி’.

தேதி கேட்காமல் முடிவுக்கு வருவது

ஒரு சொல்லைக் கடன் வாங்க வேண்டுமென்றால் வாங்கியவனும் கொடுத்தவனும் எங்கேயாவது சந்தித்திருக்க வேண்டும். ஷேக்ஸ்பியரின் ஐந்தாம் ஹென்றி நாடகம் 1599 வாக்கில் எழுதப்பட்டது. அதில் நிம் என்பவன் தனக்கு வரவேண்டிய பொற்காசைக் கேட்க, ‘கேஷாகவே தந்துவிடுகிறேன்’ என்கிறான் பிஸ்டல். லண்டன் நாடகக் கொட்டகையில் சாதாரண ஜனம் புரிந்துகொண்டு சிரிக்கும் அளவுக்கு அந்தச் சொல் ஊறிவிட்டிருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ராணி சாசனம் கொடுத்தது 1600 டிசம்பர் 31 அன்று. சென்னையில் கம்பெனிக்கு இடம் கிடைத்தது 1639இல். கம்பெனிக்காரன் நம்மிடம் கேட்டுக் கொண்டுபோன சொல் என்பது இங்கேயே அடிபடுகிறது.

“போர்த்துக்கீசியர் 1498இலேயே வந்துவிட்டார்களே, அவர்கள் வழியாகப் போயிருக்கலாமே?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பிரெஞ்சு, இத்தாலியப் பெட்டிகள் வாஸ்கோட காமாவுக்குப் பல நூற்றாண்டு மூத்தவை. அந்தப் பெட்டியிலிருந்து ரொக்கம் வரையிலான வழி விட்டுப்போகாமல் தெரிகிறது. முழு வழியும் தெரியும்போது நடுவில் இன்னொரு தகப்பனைக் கொண்டுவந்து நிறுத்த அவசியமில்லை.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, நம் சொல்லின் பழமையையே சான்றாக்குவது. காசு பழைய சொல் என்பதில் சந்தேகமில்லை. ‘வாசி தீரவே காசு நல்குவீர்’ என்று 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் திருவீழிமிழலையில் பாடினார். மாற்றும்போது வட்டம் (கழிவு) பிடிக்காத நல்ல நாணயமாகக் கொடு என்று இறைவனிடமே கறாராகக் கேட்ட பாட்டு அது. சோழர் கல்வெட்டுகளில் காசு கணக்கு நிறைய வருகிறது. வெண்பாவின் ஈற்றுச் சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று வாய்பாடே வைத்தார்கள். இவ்வளவும் காட்டுவது, காசு நம்மிடம் அப்போதே இருந்தது என்பதைத்தான். இங்கிலாந்துக்குப் போனது என்பதற்கு இதில் ஒரு சாட்சியும் இல்லை.

எழுத்து ஒன்று என்றால் சொல்லும் ஒன்று என்று நினைப்பது

இனி நம்ம கேஷுக்கு வருவோம். இங்கேதான் விஷயம் ருசியாக இருக்கிறது.

போர்த்துக்கீசியர் முத்துக்குளித்துறைக்கு வந்தது 16ஆம் நூற்றாண்டில். தூத்துக்குடியும் புன்னைக்காயலும் அவர்கள் புழங்கிய இடங்கள். தமிழை முறையாகக் கற்ற முதல் ஐரோப்பியர்களில் ஒருவரான ஹென்றிக் ஹென்றிக்கஸ் பாதிரியார் புன்னைக்காயலில் இருந்துதான் வேலை பார்த்தார். 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் அவருடையது. சாவி, ஜன்னல், மேஜை, அலமாரி, ஏலம் எல்லாம் போர்த்துக்கீசியர் நமக்குக் கொடுத்துப்போன சொற்கள். அவர்கள் கொண்டுபோனவற்றில் ஒன்று காசு.

நம் சந்தையில் கேட்ட ‘காசு’ அவர்கள் வாயில் ‘காய்ஷா’ ஆனது. அவர்கள் மொழியில் ஏற்கெனவே ஒரு ‘காய்ஷா’ உண்டு. அதற்கு என்ன பொருள்? பெட்டி! அதே லத்தீன் காப்ஸாவின் போர்த்துக்கீசிய வடிவம். தெரியாத ஒரு சொல், தெரிந்த ஒரு சொல்லின் சட்டையைப் போட்டுக்கொண்டது. பின்னால் ஆங்கிலேயர் அதை வாங்கியபோது அவர்களிடம் இருந்த கேஷின் எழுத்திலேயே இதையும் எழுதினார்கள். இரண்டு சொற்களும் ஒன்றாகத் தெரிவதற்கு இந்த இரட்டைத் தற்செயல்தான் காரணம். நல்ல ஆங்கில அகராதியைப் புரட்டினால் கேஷ் என்று இரண்டு தனித்தனிப் பதிவுகள் இருக்கும். முதல் பதிவைப் படித்ததும் மூடிவைத்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

மெட்ராஸ் கணக்கில் 80 கேஷ் ஒரு ஃபனம், 42 ஃபனம் ஒரு பகோடா. தமிழில் சொன்னால் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். ஆக 3,360 காசு சேர்ந்தால் ஒரு பொன் வராகன். ‘ஃபனம்’ நம்ம பணம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1818இல் ரூபாய் வரும்வரை இந்தக் கணக்குதான். கம்பெனி இதற்கான செப்புக்காசுகளைப் பர்மிங்காமில் அடித்துக் கப்பலில் அனுப்பியது. 1808ஆம் வருஷத்து இருபது காசு நாணயத்தைக் கையில் எடுத்தால் ஒரு பக்கம் இரண்டு சிங்கங்கள் தாங்கிப் பிடிக்கும் கம்பெனி முத்திரை. மறுபக்கம் பாரசீக எழுத்தில் சில வரிகள். அவற்றின் கீழே ரோமன் எண்ணில் இருபது, பக்கத்தில் ஆங்கில எழுத்தில் ‘கேஷ்’. அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் இந்தக் காசுகளை டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு மெட்ராசுக்குக் கிளம்பி, 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையைத் தாண்டுவதற்குள்ளேயே குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980களில் அதிலிருந்து லட்சக்கணக்கில் காசுகளை எடுத்தார்கள். இன்றும் நாணயம் சேர்ப்பவர்களிடம் அவை கிடைக்கின்றன.

சீனாவில் நடுவில் சதுர ஓட்டை போட்ட செப்புக்காசு உண்டல்லவா? அதற்கும் ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்றே பெயர். சீனர்கள் அதை அப்படி அழைத்ததில்லை. கிழக்கே வியாபாரத்துக்குப் போன ஐரோப்பியர், இந்தியக் கரையில் கற்ற பெயரை எல்லாச் சில்லறைக்கும் வைத்துவிட்டார்கள். மேடையில் பெருமைப்பட வேண்டுமென்றால் இதைச் சொல்லலாம். சீனக் காசுக்கு உலகம் வைத்திருக்கும் பெயர் நம் சந்தையில் பிறந்தது.

இன்னும் பக்கத்திலேயே சாட்சி உண்டு. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை அன்றைய திருநெல்வேலி ஜில்லாவில் இல்லை, திருவிதாங்கூரோடு இருந்தது. அந்தச் சமஸ்தானத்துப் பணமும் தனி. 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். அந்தச் செப்புக்காசுகளில் ஆங்கில எழுத்தில் ‘கேஷ்’ என்று அச்சடித்திருந்தது. தென்காசியில் அணா பைசா, கூப்பிடு தூரத்தில் சக்கரமும் காசும்! அந்தக் காலத்து மனிதர்கள் சில்லறைக்கு ‘சக்கரம்’ என்று சொல்லிக்கொண்டிருந்ததை அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் இன்னும் நினைவு வைத்திருப்பார்கள்.

காசுக்கே மூலம் எது என்பதில் அறிஞர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. ‘கர்ஷ’ என்ற வடமொழி எடைப்பெயரோடு சேர்ப்பவர்கள் உண்டு. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி காசைத் தன் பட்டியலில் வைத்திருக்கிறது. எப்படியானாலும் ஐரோப்பியர் எடுத்துக்கொண்டது தமிழ் வடிவத்தைத்தான்.

இன்றைய உருவத்தை மட்டும் பார்ப்பது

‘எட்டு’ என்பதிலிருந்து ‘எயிட்’, ‘ஒன்று’ என்பதிலிருந்து ‘ஒன்’. இவையும் வாட்ஸப்பில் நிரந்தரமாகக் குடியிருப்பவை. இவற்றை உடைக்க ஆங்கிலம் தெரிய வேண்டியதே இல்லை. எண்பது, எண்ணூறு, எண்ணாயிரம், எண்திசை. எட்டின் அடிச்சொல் ‘எண்’. கன்னடக்காரர்கள் ‘எண்ட்டு’ என்று அந்த ணகரத்தை இன்னும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஆங்கில எட்டு பழைய காலத்தில் ‘எயாஹ்ட்டா’ போல ஒலித்தது. லத்தீன் ‘ஆக்டோ’, சமஸ்கிருத ‘அஷ்ட’ அதன் உறவுகள். நடுவில் ககர, ஹகர ஒலி உள்ள குடும்பம் அது. ணகரம் உள்ள குடும்பம் இது. இரண்டும் தேய்ந்து தேய்ந்து, வயதான காலத்தில் முகம் ஒத்துப்போய்விட்டது. ‘ஒன்’னும் அப்படித்தான்: பழைய ஆங்கிலத்தில் அது ‘ஆன்’.

ஒன்று மாட்டியதும் எல்லாவற்றையும் இழுப்பது

காசு கிடைத்துவிட்ட உற்சாகத்தில் ‘மணி’யிலிருந்து ‘மனி’ என்று அடுத்த அடி வைப்பார்கள். ரோமாபுரியில் ஜூனோ மொனேட்டா என்ற தெய்வத்தின் கோயிலை ஒட்டி நாணயம் அடிக்கும் சாலை இருந்தது. அந்த மொனேட்டாதான் ‘மனி’. முந்திரிக்கு ஆங்கிலத்தில் ‘கேஷ்யூ’ என்பதால், காசு கொழிக்கும் மரம் என்று அதற்கும் ஒரு கதை கட்டுகிறார்கள். முந்திரி பிரேசிலிலிருந்து வந்தது. அங்கத்துத் துப்பி மக்களின் ‘அகஜு’ போர்த்துக்கீசியர் வாயில் ‘கஜு’ ஆனது. உடன்குடிச் செம்மணல் தேரியில் கொல்லாமரம் (முந்திரிக்கு நம் பக்கத்துப் பெயர்) நிற்கிறதே, அதன் பெயரில் காசு எங்கே இருக்கிறது? வேலையை விட்டு அவமானப்படுத்தி அனுப்புவதற்கும் ஆங்கிலத்தில் ‘கேஷியர்’ என்ற வினைச்சொல் உண்டு. காசாளருக்கும் அதற்கும் உறவே இல்லை. அது பிரெஞ்சில் ‘உடைத்தல்’ என்ற பொருளுள்ள சொல்லின் வழி.

நம் சீமை சொல்லாராய்ச்சிக்குப் பேர்போனது. கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்டது இடையன்குடியில் குடியிருந்த காலத்தில். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனுக்குத் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்து முடித்த எஸ். வையாபுரிப் பிள்ளை திருநெல்வேலிக்காரர். உலகமொழிச் சொற்களுக்குத் தமிழில் வேர் தேடிய தேவநேயப் பாவாணர் பிறந்தது சங்கரன்கோவிலில். பாவாணரின் உழைப்பு பெரிது. ஆனால் ஆங்கிலச் சொல்லுக்கு வேர் தேடும் இடத்தில், என் அபிப்பிராயத்தில், கால்டுவெல்லும் வையாபுரிப் பிள்ளையும் போன ஒப்பீட்டு வழிதான் வழுக்காத வழி: ஒரு சொல்லை இழுப்பதற்கு முன் அதன் பழைய வடிவங்களை வரிசையாக வைத்துப் பார்ப்பது.

நாம் கொடுத்ததை மட்டும் எண்ணுவது

“துட்டு இருக்காலே?” என்று கேட்டால் அது நெல்லைத் தமிழ், அசல் மண்வாசனை என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தத் துட்டு டச்சுக்காரன் கொடுத்தது. டச்சுச் செப்புக்காசுக்குப் பெயர் ‘டயிட்’. தமிழ் லெக்சிகனும் துட்டுக்கு டச்சு மூலத்தையே காட்டுகிறது. டச்சுக்காரர்கள் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தது 1658இல். இடையிடையே கைமாறினாலும் 1825 வரை அவர்கள் கணக்கில்தான் இருந்தது. கேஷ் நம்முடையது என்று கைதட்டுகிறவர், டீக்குக் கொடுக்கத் துட்டு எடுக்கும்போது அயல்நாட்டுச் சொல்லைச் சொல்லிக்கொண்டே எடுக்கிறார். அதில் ஒரு குறைச்சலும் இல்லை. துறைமுகத்தில் இறக்குமதியும் நடக்கும், ஏற்றுமதியும் நடக்கும்.

அந்த டச்சுச் செப்புக்காசில் கம்பெனியின் முத்திரையாக மூன்று எழுத்துகள் பின்னிக் கிடக்கும்: வி, ஓ, சி. தூத்துக்குடிப் பையன் கையில் கொடுத்தால் உடனே என்ன சொல்வான்? “வ.உ.சி. காசு!” டச்சுக் கம்பெனி 1602இல் தொடங்கியது; அதன் நீண்ட பெயரின் முதலெழுத்துகள் அவை. ஒட்டப்பிடாரத்தில் வ.உ. சிதம்பரனார் பிறந்தது 1872இல். அன்னியக் கம்பெனிக்கு எதிராகக் கப்பல் விட்டவர் பெயர்ச் சுருக்கமும் இன்னொரு அன்னியக் கம்பெனியின் பெயர்ச் சுருக்கமும் ஆங்கில எழுத்தில் அப்படியே ஒன்று, அதுவும் ஒரே துறைமுகத்தில்! ஒலி ஒற்றுமை, எழுத்து ஒற்றுமை, இட ஒற்றுமை, கப்பல் ஒற்றுமை எல்லாம் இருந்தும் தொடர்பு துளியும் இல்லை. தற்செயல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

எதிர்ப்பக்கம் சாய்வது

நாலு போலியைப் பார்த்துவிட்டு, “தமிழ்லருந்து போச்சுன்னு சொல்றதெல்லாம் கப்சா” என்று முடிவுகட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். இதுவும் ஆராயாத பேச்சுதான். இவர்கள் சொல்லும் ஒரு கதை: ‘கறி’ என்பதிலிருந்து ‘கரி’ வரவில்லை, 14ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் ‘க்யூரி’ என்று ஒரு சமையல் சொல் இருந்தது. இருந்தது உண்மை. அது சமையல் என்ற பொதுப்பொருளில், பிரெஞ்சிலிருந்து வந்த வேறொரு சொல். குழம்பைக் குறிக்கும் ‘கரி’ போர்த்துக்கீசியர் வழியாகத் தெற்கிலிருந்து போனது. கேஷில் நம் ஆட்கள் செய்த தவறையே இங்கே அவர்கள் ஆட்கள் தலைகீழாகச் செய்கிறார்கள்.

சந்தேகமில்லாமல் சொல்லக்கூடியவை கைவசம் உண்டு. சுருட்டு ‘ஷெரூட்’ ஆனது. மிளகுத்தண்ணீர் ‘முலிகடானி’ என்ற சூப்பாகி, ஊர் ருசி போய் வேறு எதுவோ ஆகிவிட்டது. பாளையக்காரர் ‘பாலிகர்’ ஆனார். கட்டபொம்மனைக் கயத்தாறில் 1799 அக்டோபரில் தூக்கிலிட்டவர்களின் கடிதங்களில் அந்தச் சொல் நிறையவே கிடக்கிறது. கட்டுமரம் 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஆங்கிலப் பயண நூலில் ஏறிவிட்டது.

இங்கேயும் ஒரு எச்சரிக்கை. இன்று ஆங்கிலத்தில் ‘கட்டமரான்’ என்றால் இரண்டு ஓடங்களைப் பக்கம் பக்கமாக வைத்து மேலே தளம் போட்ட படகு. நம் கடற்கரையில் அது மரங்களைச் சேர்த்து வரிந்து கட்டியது; நடுவில் இடைவெளி கிடையாது, உட்குழிவும் கிடையாது, தண்ணீர் மேலே ஏறி வழிந்து போகும். சொல் நம்முடையது என்பதற்காக அந்தச் சொகுசுப் படகின் வடிவமும் நம்முடையது என்று பேசினால், உவரியிலோ இடிந்தகரையிலோ கட்டுமரம் ஏறிப்போன ஒரு பெரியவர் முன்வரிசையில் இருந்து எழுந்து, “தம்பி, நீ கடலுக்குப் போயிருக்கியா?” என்று கேட்டுவிடுவார்.